சபைக்கு வராத ஒருவர் செய்த உதவியைக் கர்த்தரின் ஆசீர்வாதம் என்று சொல்லலாமா?

ஒரு சகோதரியின் கேள்வி இது. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையார் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள், ஆனால் ராத்திரி கண்விழித்தது, ரத்தத்துக்கு ஆள் தேடியது, கேட்காமலே பணம் கொடுத்தது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர். அவர் எந்தச் சபைக்கும் போகிறவர் அல்ல, சாமியே கும்பிடாதவர். கணவர் குணமாகி வந்ததும் சபையில் சாட்சி சொல்லும்போது "கர்த்தர் இவர் மூலமாக எங்களை ஆசீர்வதித்தார்" என்று சொல்லப்போனாராம். மூத்த விசுவாசி ஒருவர், "அது மனுஷ உதவி, அதைப் போய் ஆசீர்வாதம் என்று சொல்லாதீர்கள்" என்று தடுத்துவிட்டார். யார் சொல்வது சரி, வேதத்தில் இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் சொன்னதுதான் சரி, சகோதரி. ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், ஒரு வசனம் இரண்டு வசனம் இல்லை, பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் திரும்பத் திரும்ப இந்த ஒரே காரியத்தைச் சொல்கின்றன. இதைச் சொன்னதற்காகவே இயேசுவை அவருடைய சொந்த ஊர்க்காரர்கள் மலையிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் எலியா தீர்க்கதரிசியிடமிருந்து தொடங்கலாம்.

1 இராஜாக்கள் 17-ஐ ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்போம். மழை இல்லை, தேசம் முழுவதும் பஞ்சம், ஆகாப் ராஜாவிடமிருந்து எலியா ஒளிந்திருக்கிறார். கேரீத் ஆற்றங்கரையில் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன. லேவியராகமம் 11-ல் அருவருப்பானவை என்று தள்ளப்பட்ட பறவைகளின் பட்டியலில் காகமும் இருக்கிறது. சட்டம் தீட்டு என்று சொன்ன பறவையின் வாயிலிருந்து தீர்க்கதரிசி சாப்பிடுகிறார். ஆறு வற்றியதும் கர்த்தர் அவரைச் சீதோனிலுள்ள சாறிபாத்துக்குப் போகச் சொல்கிறார். சீதோன் யாருடைய ஊர்? எலியாவைப் பிறகு கொல்லத் தேடிய யேசபேல், ஆகாபின் மனைவி, சீதோனியரின் ராஜாவுடைய மகள். அவளை மணந்துகொண்டுதான் ஆகாப் பாகால் என்ற அந்நிய தெய்வத்தை வணங்கினான். அவளுடைய தாய்வீட்டுத் தேசத்துக்கே கர்த்தர் அவரை அனுப்புகிறார், அதுவும் இரண்டு விறகு பொறுக்கி, கடைசி அப்பத்தைச் சுட்டு, மகனோடு சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று இருந்த ஒரு விதவையிடம்.

இஸ்ரவேலில் நல்லவர்களே இல்லாமல்போனார்கள், அதனால் வேறு வழியில்லாமல் கர்த்தர் அந்நிய தேசத்துக்கு அனுப்பினார் என்று பிரசங்கத்தில் சிலர் சொல்வதுண்டு. அடுத்த அதிகாரத்தைப் படித்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஆகாபின் அரண்மனை விசாரிப்புக்காரனான ஒபதியா கர்த்தருக்கு மிகவும் பயந்து நடந்தவன், 100 தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேராகக் கெபிகளில் (குகைகளில்) ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றியவன். அவனால் 101-வது ஆளையும் காப்பாற்றியிருக்க முடியும். பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருந்தார்கள் என்று 19-ம் அதிகாரம் சொல்கிறது. ஆக, விசுவாசிகள் இருந்தார்கள். அவர்களிடம் அனுப்பாமல்தான் கர்த்தர் எலியாவை சாறிபாத்துக்கு அனுப்பினார், இந்த விதவை போதும் என்று அவரே தேர்ந்தெடுத்தார்.

அந்த விதவை அப்போது விசுவாசியா? அவள் எலியாவிடம் "உம்முடைய தேவனாகிய கர்த்தர்" என்றுதான் பேசுகிறாள். உங்கள் சாமி, என் சாமி அல்ல. அந்த நிலையிலேயே தன் பானையிலிருந்த கடைசி மாவில் முதல் அடையை அவருக்குச் சுட்டுக் கொடுத்தாள். கர்த்தருடைய வார்த்தை உண்மை என்று அவள் அறிக்கை செய்வது அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில், செத்துப்போன மகன் உயிரோடு எழுந்த பிறகு. தீர்க்கதரிசியின் பசி தீர்ந்தது அதற்கு வெகுநாள் முன்பே. "விசுவாசி கொடுத்தால் ஆசீர்வாதம், மற்றவர்கள் கொடுத்தால் மனுஷ உதவி" என்று கணக்குப் பிரித்தால், எலியா அந்த வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டை எந்தக் கணக்கில் வைப்பது?

எலியாவின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். கொடுப்பது சுலபம். ஒன்றுமில்லாதவளின் வாசலில் போய் நின்று, கொஞ்சம் தண்ணீர் கொடு, அப்படியே ஒரு துண்டு அப்பமும் கொண்டுவா என்று கேட்பது எவ்வளவு கூச்சமான காரியம்! கர்மேலில் வானத்திலிருந்து அக்கினி இறங்கப் பண்ணப் போகிற மனிதர், அதற்கு முன்னால் ஓர் ஏழைப் பெண்ணிடம் கையேந்த வேண்டியிருந்தது. எனக்கு கர்மேல் அதிகாரத்தைவிட இந்த அதிகாரம்தான் மனதுக்கு நெருக்கம்.

அடுத்து நாகமான், 2 இராஜாக்கள் 5. சீரியா ராஜாவின் படைத்தலைவன், வெற்றி வீரன், ஆனால் குஷ்டரோகி. அவன் வீட்டில், கொள்ளைக் கூட்டத்தார் இஸ்ரவேலிலிருந்து பிடித்துக்கொண்டுவந்த ஒரு சிறுபெண் அவன் மனைவிக்கு வேலை செய்கிறாள். அவளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், எஜமான் அவரிடம் போனால் குணமாகிவிடுவார் என்று நாச்சியாரிடம் சொல்கிறாள். கதை முழுவதும் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அதன் பிறகு என்ன நடக்கிறது பாருங்கள். நாகமானுக்குப் பெரிய இடம்தான் பழக்கம். அடிமைப்பெண் சொன்னது தீர்க்கதரிசியை, அவன் போனது ராஜாவிடம். 10 தாலந்து வெள்ளி, 6,000 சேக்கல் பொன், 10 மாற்று வஸ்திரம், சீரியா ராஜாவின் கடிதம், எல்லாவற்றோடும் இஸ்ரவேலின் அரண்மனைக்குப் போய் நிற்கிறான். அந்த ராஜாவோ, சீரியா ராஜா சண்டைக்கு வம்பு தேடுகிறான் என்று பயந்து தன் உடையைக் கிழித்துக்கொள்கிறான். தன் நாட்டில் தீர்க்கதரிசி இருக்கிறார் என்பது சீரியாவில் பாத்திரம் கழுவும் சிறுமிக்கு நினைவிருந்தது, சிம்மாசனத்தில் இருந்தவனுக்கு நினைவு வரவில்லை. அந்தத் தீர்க்கதரிசி எலிசாவே ஆள் அனுப்பி வரச்சொல்கிறார். வந்த பிறகும் எலிசா வெளியே வரவில்லை, யோர்தானில் ஏழுதரம் முழுகு என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்புகிறார். நாகமானுக்குக் கோபம். தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இஸ்ரவேலின் தண்ணீர்களைவிட நல்லவை அல்லவா என்று கிளம்பிவிட்டான். அவனைத் திருப்பியது யார்? மறுபடியும் வேலைக்காரர்கள்தான். தகப்பனே என்று கூப்பிட்டு, பெரிய காரியம் செய்யச் சொன்னால் செய்வீர் அல்லவா, இதைச் செய்தால் என்ன என்று பக்குவமாகக் கேட்டார்கள். இரண்டு ராஜாக்களால் ஆகாத காரியம் ஓர் அடிமைச் சிறுமியாலும் சில வேலையாட்களாலும் ஆனது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. அந்தச் சிறுமியைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, கர்த்தர் ஒரு நோக்கத்தோடுதான் அவளைச் சீரியாவுக்குக் கொண்டுபோனார் என்று எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவள் கடத்தப்பட்ட பிள்ளை. அம்மா அப்பாவிடமிருந்து பிடுங்கப்பட்டவள். நாகமான் குணமாகித் திரும்பி வந்தபின் அவளை விடுதலை செய்தானா என்று வேதம் சொல்லவில்லை. நமக்கு ஆசீர்வாதமாக இருந்தவர்களின் துயரத்தை நம்முடைய சாட்சிக்கு அலங்காரமாக ஆக்கிவிடக் கூடாது என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் கண்விழித்த ராத்திரிகள் அவருடைய தூக்கம், அவர் கொடுத்த பணம் அவருடைய உழைப்பு. கர்த்தர் அவரைப் பயன்படுத்தினார் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் மனிதர் காணாமல்போகிறார்.

இப்போது இயேசுவின் சொந்த ஊரான நாசரேத்துக்கு வரலாம், லூக்கா 4. இயேசு ஜெப ஆலயத்தில் ஏசாயாவை வாசித்ததும் எல்லோரும் அவருடைய கிருபையுள்ள வார்த்தைகளைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். அதுவரை பிரச்சினை இல்லை. அப்புறம் அவர் இரண்டே இரண்டு உதாரணம் சொல்கிறார். எலியாவின் நாட்களில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும் அவர் அனுப்பப்பட்டது சாறிபாத் விதவையிடம் மட்டும், எலிசாவின் நாட்களில் எத்தனையோ குஷ்டரோகிகள் இருந்தும் சுத்தமானது சீரியனாகிய நாகமான் மட்டும். நாம் இதுவரை பார்த்த அதே இரண்டு கதைகள். கேட்டவர்கள் கோபம் தலைக்கேறி, ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய், மலைச்சரிவிலிருந்து அவரைத் தலைகீழாகத் தள்ளிவிடப் பார்த்தார்கள். அந்தக் கதைகள் அவர்களுக்குப் புதிதல்ல, அவர்களுடைய வேதத்தில் உள்ளவைதான். ஆசீர்வாதம் நம் எல்லைக்குள்தான் இருக்கிறது, வெளியே போவதானாலும் நம் வழியாகத்தான் போகும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அதைத் தாங்க முடியவில்லை. உங்களைத் தடுத்த அந்த மூத்த விசுவாசியை நான் நாசரேத்தூரார் என்று சொல்லவில்லை. தேவனுக்கு வரவேண்டிய மகிமை மனிதருக்குப் போய்விடக் கூடாதே என்ற அக்கறையில்தான் பேசியிருப்பார், அந்த அக்கறை நல்லது. ஆனால் அந்த அக்கறைக்கு வேதம் போட்டிருக்கும் எல்லை அவர் நினைப்பதைவிடப் பெரியது.

நல்ல சமாரியன் உவமையையும் நாம் ஒரு பக்கமாகவே படிக்கிறோம். எப்போதும் நாம்தான் சமாரியன், அடிபட்டுக் கிடப்பவன் வேறு யாரோ. கேட்டுக்கொண்டிருந்த யூதர்கள் அப்படிக் கேட்டிருக்கவே முடியாது. அவர்களுக்கு எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன வழிப்போக்கன்தான் நம்ம ஆள். குற்றுயிராகக் கிடக்கிற நம்ம ஆளை ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக, யாரோடு சம்பந்தமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று வளர்ந்தார்களோ அந்தச் சமாரியன் வந்து எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டுகிறான். யார் இவனுக்குப் பிறன் (அயலான்) என்று இயேசு கேட்டபோது, அவரிடம் கேள்வி கேட்டு வந்த நியாயசாஸ்திரியின் (வேதச் சட்டம் கற்றவனின்) வாயில் 'சமாரியன்' என்ற பெயர் வரவில்லை, இரக்கம் செய்தவனே என்று சுற்றி வளைத்துச் சொன்னான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் செய்ததை "மனுஷ உதவி" என்று மட்டும் சொல்லி முடித்ததும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கிறது.

சாமியே கும்பிடாதவராயிற்றே என்று கேட்டால், ஏசாயா 45-ஐப் பாருங்கள். பெர்சியாவின் ராஜாவான கோரேசைக் கர்த்தர் 'அபிஷேகம்பண்ணப்பட்டவர்' என்று அழைக்கிறார். அதே பகுதியில், நீ என்னை அறியாதிருந்தும் என்று இரண்டுமுறை சொல்கிறார். தன்னை அறியாத ஒருவன் கையால்தான் சிறைப்பட்ட ஜனத்தை எருசலேமுக்குத் திருப்பி அனுப்பினார். இதற்குமேல் வேறு ஆதாரம் எதற்கு? அப்போஸ்தலர் 28-ம் உண்டு. பவுல் உட்படக் கப்பலில் இருந்த 276 பேரும் உடைந்த கப்பலிலிருந்து நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். மழை, குளிர். அந்தத் தீவார் சுவிசேஷம் கேட்டதே கிடையாது. அவர்கள் நெருப்பு மூட்டி அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்போஸ்தலன் முதலில் அவர்கள் நெருப்பில் குளிர்காய்ந்தார், அதற்குப் பிறகுதான் தீவின் தலைவனான புபிலியுவின் தகப்பனுக்காக ஜெபித்தார். நம் ஊழியத் திட்டங்களில் இந்த வரிசை அபூர்வம்.

வேதகாலத்தோடு இது முடிந்துவிடவில்லை. நம்ம ஊர் சபை வரலாற்றிலேயே இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக் கம்பெனிப் படை தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய், தோற்ற படையின் கைதி. அவருடைய திறமையைப் பார்த்து ராஜா தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். அரண்மனைப் பணியிலிருந்த நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை, தன் குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் நொந்துபோயிருந்தபோது அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னவர் இந்த டி லனாய்தான். சொல்லவேண்டிய இடத்தில் ஒரு குருவானவர் இல்லை, மிஷனரி இல்லை, எதிரிப்படையில் வந்து பிடிபட்ட ஒரு சிப்பாய் இருந்தார். நீலகண்டப் பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார், சித்திரவதைப்பட்டு 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

திருநெல்வேலிக்காரர்களுக்குக் குளோரிந்தா அம்மாளைத் தெரிந்திருக்கும். தஞ்சாவூர் மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு திருமணமில்லாமல் வாழ்ந்தார், கிறிஸ்தவத்தை அவரிடமிருந்துதான் அறிந்துகொண்டார். ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அந்த உறவைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-ல்தான் கொடுத்தார். அந்த அம்மாள்தான் பாளையங்கோட்டையில் முதல் சபை உருவாக முன்னின்றார், கோயில் கட்டினார். 1785-ல் அதைப் பிரதிஷ்டை செய்ய வந்தவரும் அதே சுவார்ட்ஸ் ஐயர்தான். இன்றும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். பின்னால் லட்சக்கணக்கானோர் சேர்ந்த திருநெல்வேலி சபையின் முதல் பெயர்ப்பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 40 பேர், அதன் தொடக்கத்தில் நிற்பது இந்த விதவை. சுவார்ட்ஸ் ஐயரைக் குறை சொல்லவில்லை, அவர் காலத்து ஒழுங்கு அது. ஆனால் வாசலில் காத்திருக்க வைக்கப்பட்டவர் கட்டிய வாசலுக்குள்தான் பிறகு ஒரு மாவட்டமே நுழைந்தது.

சரி, அப்படியானால் யார் என்ன செய்தாலும், என்ன சொன்னாலும் கர்த்தரிடமிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்வதா? இல்லை, அதையும் நாகமான் கதையே சொல்லித்தருகிறது. குணமான நாகமான் காணிக்கையோடு திரும்பி வந்து கெஞ்சியபோதும் எலிசா ஒன்றும் வாங்கவில்லை. எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு மனது கேட்கவில்லை, பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் துணியும் வாங்கிக்கொண்டான், நாகமானின் குஷ்டம் அவனைப் பிடித்தது. அந்தச் சிறுமி எதுவும் கேட்கவில்லை, வேலைக்காரர்கள் கேட்கவில்லை, எலிசா கேட்கவில்லை. விலை போட்டவன் தீர்க்கதரிசியின் கூடவே இருந்தவன், எல்லோரும் நம்பக்கூடிய ஆள். நம் காலத்தில் ஆசீர்வாதத்துக்கு விதை விதையுங்கள், இவ்வளவு அனுப்புங்கள் என்று கேட்கிறவர்களைப் பார்க்கும்போது இந்த அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமல் கொடுத்தார், திருப்பிக் கேட்கவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும்.

சாட்சியைப் பொறுத்தவரை, சொல்லுங்கள். "கர்த்தர் இவரை எங்களுக்குக் கொடுத்தார், இவர் இன்ன இன்னதைச் செய்தார்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்று மற்றதைக் குறைக்காது. ஆனால் அதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தன் பெயர் சபையில் பேசப்படுவது அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். வீட்டுக்குப் போய் நேராக நன்றி சொல்லுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் போக்கிலேயே சுவிசேஷக் கைப்பிரதியை எடுத்து நீட்டவேண்டாம். நன்றி சொல்லப் போனால் நன்றி மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள், அவராகவே உங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் அப்போது தாராளமாகச் சொல்லலாம். கடனாகக் கொடுத்த பணமென்றால், அவர் வேண்டாம் என்றாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடப் பாருங்கள்.

அவருக்காக ஜெபிக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாக. அவருடைய மனந்திரும்புதலுக்காக மட்டும் ஜெபித்து நிறுத்திவிடாமல், அவர் உடல்நலம், வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று உங்கள் வீட்டுக்கு என்னவெல்லாம் கேட்பீர்களோ அதையெல்லாம் அவர் வீட்டுக்கும் கேளுங்கள். எலியா அந்த விதவைக்குச் செய்ததும் அதுதான். அவள் பிள்ளை செத்தபோது, அவளுடைய விசுவாசத்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போய் அவனுக்காகக் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார்.